வெர்னா தேர்ந்தெடுத்த சேணம்

வெர்னா ஸ்டென்ரூட் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருஷம் கரண்டி பிடித்தவள். அவள் கையால் பிசைந்த உருளைக்கிழங்கு தின்னாமல் இந்தக் கோல்டர் கிரீக்கில் யாரும் வளர்ந்ததில்லை. மாட்டுப் பண்ணைக்காரன் ஓரினுக்கு வாழ்க்கைப்பட்டு, கொட்டிலில் குதிரைச் சாணி அள்ளியே காலம் தள்ளினாள். ஆனால் ஒரு நாள்கூடக் குதிரைமேல் ஏறியதில்லை. அவன் ஏற விடவில்லை.

"உன் பின்பக்கத்துக்குச் சேணம் தைக்கணும்னா ரெண்டு மாட்டுத்தோல் வேணும்டி" என்பான், கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் அக்கம்பக்கமெல்லாம் கூடிச் சாப்பிடும்போது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

போன வருஷத்துப் பனிக்காலத்தில் ஓரினுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் விழவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, மேய்ச்சலில் நிற்கும் தன் குதிரை நிக்கலைப் பார்த்தபடியே நாளெல்லாம் அவளை ஏசிக்கொண்டிருந்தான். ஏப்ரலில், ஐம்பத்தெட்டு வயதில், வெர்னா எங்கள் குதிரையேற்றப் பள்ளிக்கு வந்து நின்றாள்.

"எனக்குக் குதிரை ஓட்டக் கத்துக் குடுங்க. அவன் கண்ணை மூடறதுக்குள்ள அந்த ஜன்னலுக்கு முன்னால ஒரு தடவை நான் குதிரையில போகணும். அவ்வளவுதான்."

எங்கள் பள்ளியில் வேலிக்கு இந்தப் பக்கம் நான் மாட்டுப் பண்ணைக்காரர்களின் வெஸ்டர்ன் பாணிச் சவாரி சொல்லித் தருகிறேன், அந்தப் பக்கம் பிரிசில்லா இங்கிலீஷ் பாணி. என் சேணத்தைச் சோபா என்று பிரிசில்லா கிண்டல் செய்வாள். அவளுடையதை நான் சப்பையான பான்கேக் என்பேன். அன்று வெர்னாவிடம் என் கட்சியைத்தான் பேசினேன்.

"வெஸ்டர்ன் எடுத்துக்குங்க. நாற்காலி மாதிரி அகலமா இருக்கும். பயமா இருந்தா சேணத்துக்கு முன்னால இருக்கிற கொம்பைப் பிடிச்சுக்கலாம். இந்த ஊர்ல எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க."

"அது ஓரின் போடற மாதிரிச் சேணம், ராய்ஸ். அதுல ஏறினா நான் செய்யற தப்பையெல்லாம் அவன் எண்ணிச் சொல்லுவான். அவனுக்கு ஒண்ணும் தெரியாத சேணமா குடு."

பிரிசில்லா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சமையல்காரக் கிழவி என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று மாதக்கணக்கில் புழுங்கினேன். இதுதான் என் யோக்கியதை.

வெர்னா ஐந்து மாதம் கற்றாள். தொடைத் தோல் உரிந்து, காலை அகட்டி நடந்தாள். இங்கிலீஷில் முதல் பாடம் கடிவாள வாரைத் தொய்ய விடக்கூடாது என்பது. குதிரையின் வாய் எப்போதும் உங்கள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். வார் தொய்ந்தால் பிரிசில்லா கத்துவாள். வெர்னா அதை நெட்டுரு போட்டதுபோலப் பழகினாள்.

செப்டம்பரில் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டதை அவளே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு குரலில் தேன் ஒழுகியது.

"அப்படியா? அப்போ நம்ம நிக்கல் மேலயே ஏறிக் காட்டுடி. ராய்ஸை வரச் சொல்லு, அவன் பூட்டிக் குடுப்பான்."

நிக்கலைப் பழக்கியவன் நான். வெஸ்டர்ன் குதிரை. அதன் கடிவாளத்தில் இரும்புத் தண்டு நீளம். விரலால் தொட்டாலே வாயில் நெம்பும். அதனால் வார் எப்போதும் தொங்கியபடி இருக்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் பின்னால் போ என்று அர்த்தம். இன்னும் இழுத்தால் அதற்குப் போக இடமில்லை, மேலேதான் எழும்பும்.

வெர்னாவின் பான்கேக் சேணத்தை நிக்கல்மேல் வைத்து, நிக்கலின் கடிவாளத்தையே மாட்டினேன். ஓரின் ஜன்னலிலிருந்து கடிவாளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கண்ணடித்தான். 'வாரைத் தொங்க விடுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

அவள் ஏறி உட்கார்ந்து, கற்றபடியே வாரை இழுத்துப் பிடித்தாள். நிக்கல் பின்னால் நடந்தது. பயந்து இன்னும் இறுக்கினாள். அது முன்னங்கால்களைத் தூக்கி, நிலை தவறி, அவளோடு மல்லாக்க விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கு மேல் ஓரினின் சிரிப்பும் கேட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. எழுந்ததும் வேலிக்கு உன் பக்கத்துச் சவாரியைச் சொல்லிக் குடு. நிக்கல் மேலயே."

அழுதிருந்தாலோ திட்டியிருந்தாலோ தாங்கியிருப்பேன். ஜனவரியில் ஊன்றுகோலோடு வந்தாள். பனிக்காலத்தில் குதிரைக்கு ஓட்டம் வேண்டும் என்று ஓரினிடம் சொல்லி, நிக்கலைக் கூரையுள்ள எங்கள் களத்துக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவளுக்கு வலியில் உதடு வெளுத்துவிடும். மார்ச் முடிவதற்குள் ஒற்றைக் கையில் வார் தொங்க, உடம்பைச் சற்றுச் சாய்த்தாலே நிக்கல் திரும்பியது. அப்படிப்பட்ட குதிரை அது. அதற்கு அவள் ஒரு கேரட் கொடுத்து நான் பார்த்ததில்லை. கற்கிற கவனம் என்று நினைத்துக்கொண்டேன்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஓரினின் சொந்தச் சேணத்தைப் போட்டு நிக்கல்மேல் ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். நான் வாசல் கேட்டருகே நின்றேன். ஒரு முறை போனாள், திரும்பி வந்தாள், ஜன்னலுக்கு நேராக நிறுத்தினாள்.

ஓரினின் கண் கலங்கியிருந்தது. "அடேயப்பா. நல்லா உக்காந்திருக்கே வெர்னா. உன்னை முன்னாடியே ஏத்தியிருக்கணும். என் தப்புதான்."

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கேட்ட எனக்கே நெஞ்சு இளகியது.

"சந்தோஷம், ஓரின்" என்றாள் அவள். "இன்னிக்குக் கால்நடை ஏலம். நிக்கலை அங்க விட்டுட்டு வர்றேன்."

"ஏலத்துக்கா? அவனுக்கு இருபத்திரண்டு வயசுடி! யாரு வாங்குவா?"

"யாரு வாங்குவான்னு நம்ம மூணு பேருக்கும் தெரியும்."

தெரியும். போன மாதம்தான் அந்த ஏலத்திலிருந்து ஒரு லாரி நிறையக் கிழக் குதிரைகள் எல்லை தாண்டி இறைச்சிக்கு வெட்டப் போயின.

"அவன் என்னடி பாவம் பண்ணான்? என்னை அடி, வெர்னா! அவனை விடு!"

"உன்னை அடிச்சா உனக்கு வலிக்காதே" என்றாள் அவள், நிதானமாக. பிறகு என்னைப் பார்த்தாள். "ராய்ஸ், கேட்டைத் திற."

திறந்தேன். மறுக்க எனக்கு எந்த வாய் இருந்தது? பின்னால் ஓரின் விசிலடிக்கப் பார்த்தான். கோணிய உதட்டிலிருந்து காற்றுதான் வந்தது. ஆனாலும் நிக்கலின் காது அவன் பக்கம் திரும்பியது, கால் தயங்கியது. வெர்னா வாரை அதன் கழுத்தில் லேசாகச் சாய்த்தாள். அது திரும்பி, அவள் காட்டிய பாதையில் நடந்தது. அப்படிச் சொன்னபடி கேட்கத்தான் நான் அதைப் பழக்கியிருந்தேன்.