இன்ஸ்பெக்டரின் வாய்க்கட்டு

என் அண்ணி ஆஸ்பத்திரியில் தையல்காரி. ஆஸ்பத்திரியில் தையல் என்றதும் எல்லோருக்கும் டாக்டர்கள் போடுகிற தையல்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற பச்சை அங்கியைத் தைக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய அறை. உயரத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியே தெருவில் போகிறவர்களின் கணுக்கால் மட்டும் தெரியும். சலவைக்கூடத்து ஆவி கதவிடுக்கில் நுழைந்து, மதியத்துக்கு மேல் அறையே லேசாகக் கலங்கித் தெரியும். கிழிந்த படுக்கை விரிப்புகள், நாடா போன தலையணை உறைகள், வளையம் அறுந்த திரைச்சீலைகள் எல்லாம் அங்கே வந்து சேரும். பத்தொன்பது வருஷமாக அண்ணி அவற்றுக்கு ஒட்டுப் போட்டு மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் அதே கட்டடத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மதியச் சாப்பாட்டுக்கு அவள் அறைக்குத்தான் இறங்கி வருவேன்.

எந்தத் துணியையும் அவள் நேராக மெஷினில் வைக்க மாட்டாள். முதலில் கையால் நீளநீளமாக இழையோட்டிக்கொள்வாள். துணி நழுவாமல் இருப்பதற்காகப் போடுகிற தற்காலிகத் தையல் அது. ஒரு இழுப்பு இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் மேல் மெஷினை ஓட்டிவிட்டு, இழையை உருவி எறிவாள். அவள் உடுப்பில் எப்போதும் நாலைந்து நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டு நாய். பெயர் வைத்தது அண்ணன். யார் வந்தாலும் பையை மோந்து, காலை மோந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வந்தவர் குற்றவாளிதான் என்று தீர்மானித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது படுத்திருக்கும். குட்டியாகச் சலவைக்கூடத்து அழுக்குத்துணிக் கூடையில் கிடந்ததை அண்ணி பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வந்த அன்றே அவள் கட்டைவிரலைக் கடித்தது. நன்றியுள்ள பிராணி, நன்றியுள்ள பிராணி என்கிறார்களே, அவர்களை எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கவைத்திருக்க வேண்டும்.

குடை விரித்தால் அதற்கு ஆகாது. போர்வை உதறினால் ஆகாது. பலமாகத் தும்மினால்கூட முறைக்கும். சோபாவின் வயிற்றைக் கிழித்துப் பஞ்சை வெளியே எடுத்தது. தபால்காரரின் தோல் பையை ஒரே இழுப்பில் இரண்டாக்கியது. என்னை இரண்டு தடவை கடித்திருக்கிறது. ஒன்று கெண்டைக்காலில். இன்னொன்று, நான் ரொட்டி நீட்டிய கையிலேயே. அண்ணி அதை அவன் என்பாள். நான் அது என்றுதான் சொல்வேன். கடிபட்டவளுக்கு அந்த உரிமையாவது வேண்டாமா?

வீட்டுக்குள் நுழைய ஒரு முறை இருந்தது. கதவைக் கையகலம் திறந்து, ஒற்றைச் செருப்பை உள்ளே தள்ள வேண்டும். அது மோந்து பார்க்கும். நம்ம ஆள்தான் என்று பட்டால் கவ்விக்கொண்டு போய்த் தன் பாயில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரும். அதற்கப்புறம்தான் ஆள் உள்ளே போகலாம். அண்ணன் செருப்பு, அண்ணி செருப்பு, எப்போதாவது வருகிற அண்ணியின் தங்கை செருப்பு, எல்லாமே பாய்க்குப் போகும். என் செருப்பை மட்டும் மோந்துவிட்டு மூக்காலேயே வெளியே தள்ளிவிடும். பதினோரு வருஷம்! அண்ணனோடு கூடப்பிறந்தவள், அதே வீட்டு மாடியில் இருக்கிறவள், அண்ணி வந்து நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விருந்தாளி மாதிரி நுழைவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரின் கால்சட்டையைக் கிழித்தது. தெருவே கூடிவிட்டது. இனிமேல் வாயைக் கட்டாமல் வெளியே கொண்டுவந்தால் நாயைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம் என்று நகராட்சியிலிருந்து ஆள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். மறுநாள் அண்ணி ஆபரேஷன் அங்கிக்கான பச்சைத் துணியை மூன்றாக மடித்து ஒரு வாய்க்கட்டுத் தைத்தாள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூக்கைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து காதுக்குப் பின்னால் கட்ட இரண்டு நாடா. அன்றைக்குப் பார்த்து மேலே அவசரப் பிரிவிலிருந்து திரைச்சீலை கேட்டு ஆள்மேல் ஆள். கைகொள்ளாத வேலைக்கு நடுவே தைத்து, அப்படியே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அதைக் கட்டியபோது இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தது. தலையை உதறவில்லை. காலால் பிறாண்டவில்லை.

“உன் தையலுக்கு முன்னாடி அவன் பாச்சா பலிக்கல பாரு,” என்றான் அண்ணன்.

அதற்கப்புறம் நடக்கக் கிளம்பும்போதெல்லாம் அதுவே மூக்கை நீட்டும். தெருவுக்கும் நிம்மதி.

இந்தக் குளிர்காலத்தில் அது சாப்பாட்டை நிறுத்தியது. மூன்றாம் நாள் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம். மேஜையில் படுக்கவைத்ததும் வைத்தியர், “கடிக்குமா?” என்று கேட்டார். அண்ணி கொஞ்சமும் யோசிக்கவில்லை. “கடிப்பான் டாக்டர்,” என்று சொல்லி, பையிலிருந்து வாய்க்கட்டை எடுத்துக் கட்டினாள். தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத நாய், அப்போதும் மூக்கை ஒரு விரற்கடை நீட்டியது. வைத்தியர் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோதே மூச்சு நின்றுவிட்டது. வாய்க்கட்டை அவிழ்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, அண்ணன் பின்சுவரை ஒட்டிக் குழி தோண்டும்போதுதான் அண்ணி அதைப் பார்த்து, அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“அவன் தோண்டி வச்ச பள்ளம்தான். நான் கொஞ்சம் ஆழமாக்கினேன், அவ்வளவுதான்,” என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி அழவும் இல்லை. வேலைக்கு வந்தாள், ஒட்டுப் போட்டாள், என்னோடு பஸ் ஏறினாள். ஆனால் மதியத்தில், விரிப்புக் குவியலில் சாய்ந்து கண்ணயர்கிற கால்மணி நேரத்தில், இன்ஸ்பெக்டர் அவளிடம் வர ஆரம்பித்தது. கொடியில் தொங்கும் வெள்ளை விரிப்புகளுக்கு அடியில் நாலு கால் மட்டும் தெரியுமாம். ஒவ்வொரு விரிப்பாகத் தாண்டி வந்து அவள் எதிரே நிற்குமாம். வாய் கட்டியிருக்குமாம். என்னவோ சொல்ல வந்த மாதிரி தொண்டை ஏறி இறங்குமாம். அவள் முடிச்சை அவிழ்க்கக் கை நீட்டுவதற்குள் சலவைக்கூடத்து ஆவி வந்து மூடிவிடுமாம். அவள் சொல்லச் சொல்ல, எனக்கே அந்த அறையின் புகைமூட்டத்தில் ஒரு படுத்த காது தெரிகிற மாதிரி இருக்கும்.

“பதினோரு வருஷம் என் கையால சாப்பிட்டவன். கடைசியா அவனைப் பத்தி நான் சொன்னது, கடிப்பான்னு. வாயைக் கட்டி அனுப்பிட்டேன்,” என்றாள்.

“கடிச்சதே இல்லையா என்ன? இங்க பாருங்க,” என்று கையைக் காட்டினேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்ல வேண்டிய இடத்தில் சண்டைதான் வரும்.

“என்மேல கோபத்தோட போயிருப்பான். மூணு வருஷமா அந்தக் கட்டு அவனுக்கு ஜெயில்தானே? அதை நான்தானே தச்சேன்.”

வீட்டுக் கதவைத் திறக்கும்போது இன்னமும் ஒற்றைச் செருப்பை உள்ளே தள்ளிவிட்டு நிற்பாள். உள்ளே எதுவும் அசையாது. நான் பின்னால் நின்று, “போங்க அண்ணி, கால் வலிக்குது,” என்று எரிந்து விழுவேன்.

நாற்பது நாளுக்கு மேல் இப்படியே போனது. அவளுக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. ஒருநாள் மதியம் அவள் பையில் கையை விட்டு அந்த வாய்க்கட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இதைச் சுமந்துக்கிட்டே எத்தனை நாள் திரிவீங்க? தூக்கிப் போடுங்க.”

“தூக்கிப் போட மனசு வரல.”

“அப்ப பிரிச்சுடுங்க. நல்ல துணி. யாருக்காவது ஒட்டாப் போகட்டும்.”

வாயில் வந்ததைச் சொன்னேன். அவளோ வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். பிரிப்பதற்கு முன்னால் துணியை விறைப்பாக இழுத்துப் பிடிப்பது அவள் வழக்கம். ஒரு கையில் பட்டை, ஒரு கையில் நாடா. லேசாகத்தான் இழுத்தாள். நாடா கையோடு வந்துவிட்டது.

கத்தி இன்னும் துணியைத் தொடவே இல்லை.

அவள் மடிப்பை விரித்துப் பார்த்தாள். பட்டையின் விளிம்பில் மட்டும் மெஷின் ஓடியிருந்தது. நாடா சேருகிற இடத்தில் பச்சை நூலில் நீளநீளமாக நாலு இழை. மறுபக்கத்து நாடாவை இழுத்தாள். அதுவும் வந்தது.

“மெஷின் போடவே இல்ல,” என்றாள். “இழைதான் ஓட்டியிருக்கேன். திரைச்சீலை கேட்டு வந்துட்டாங்க... அப்புறம் போடலாம்னு... மறந்தே போயிட்டேன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பத்தொன்பது வருஷத் தையல்காரி செய்யக்கூடாத தப்பு என்று அதற்காக வருத்தப்படுகிறாளோ என்று நினைத்தேன். பிறகுதான் தபால்காரரின் தோல் பை ஞாபகத்துக்கு வந்தது.

“அண்ணி, ஒரு தடவை தலையை உதறியிருந்தா...”

“ஒரு தடவை போதும்,” என்றாள். “தும்மியிருந்தாலே போதும்டி.”

மூன்று வருஷம், காலையும் மாலையும், நாலு இழையை அறுத்துவிடாமல் முகத்தில் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறது. தெருவுக்குப் பயந்தா? அதற்கு யாரிடம் பயம் இருந்தது? அவள் கட்டினாள் என்பதற்காக, அவ்வளவுதான். அண்ணி அந்தப் பச்சைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். சலவைக்கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் நான் இறங்கிப் போனபோது அவள் விரிப்புக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே சிரித்தாள். எழுந்ததும், “வந்தான்,” என்றாள்.

“வாய்?”

“கட்டு இல்ல. ஆனா ஒண்ணும் சொல்லல. சொல்லவும் முடியாது, வாயில செருப்பு வச்சிருந்தான்.”

“உங்க செருப்பா?”

“இல்ல. உன்னோடது. அந்த வார் அறுந்து நான் தச்சுக் கொடுத்தேனே, அது. நேராப் பாய்க்குக் கொண்டுபோய் வச்சுட்டு உட்கார்ந்துட்டான்.”

என் மனசு ஆற வேண்டும் என்று அவளாகவே சொன்னாளோ, நிஜமாகவே கண்டாளோ, நான் கேட்கவில்லை. பதினோரு வருஷம் அவன் வெளியே தள்ளிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆவிக்கு நடுவே வெறும் காலோடு உட்கார்ந்து நான் அழுதேன். அண்ணி தையல் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.