உப்புப் போடாத பெரிய பானை

அவள் கைகள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தன. கத்தி நின்ற இடத்திலேயே நின்றது. கிழங்குதான் உள்ளங்கைக்குள் சுழன்றது. தோல் அறுபடாமல் ஒரே நாடாவாகச் சுருண்டு விழுவதற்குள் அடுத்த கிழங்கு கைக்கு வந்துவிட்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு அவசரம் போலத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் பழகிய வேகம் அது. காய் கழுவும் ஆளாகச் சேர்ந்து, பக்கத்தில் நின்று பார்த்தே சமையல் படித்து, இப்போது அங்கே பெரிய அடுப்பு அவள் பொறுப்பு. எல்லோரும் கரண்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளம் வாங்கப் போகும்போதுகூட இடுப்பில் கரண்டி இருக்கும் என்று கேலி செய்வார்கள்.

அன்று அவளுக்கு வருஷக் கடைசி விடுமுறை. மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுத்தவளை எழுப்பியது கணவன். பஸ் பணிமனையில் மெக்கானிக். வாசலிலேயே நின்று தலையைச் சொறிந்தான்.

"என்ன பண்ணிட்டு வந்தீங்க?"

"ஒண்ணும் பண்ணல. சாயங்காலம் எங்க செட்டு ஒண்ணா சாப்பிடறதா இருந்த ஹோட்டல்ல குழாய் வெடிச்சுருச்சாம். மூடிட்டாங்க."

"சரி."

"நம்ம வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை பேரு?"

"பொண்டாட்டி புள்ளையோட வந்தா ஒரு பத்துப் பன்னெண்டு பேரு."

"இருநூறு பேருன்னா சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டு செஞ்சுடுவேன். பத்துப் பேருன்னாத்தான் கை உதறுது" என்று சொல்லிக்கொண்டே கூந்தலை முடிந்தாள். அவன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

சமையலைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. பின்னறையில் இருந்த மாமனாரைப் பற்றித்தான் கவலை.

அவரும் அதே பணிமனையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் எந்தப் பந்தியிலும் அவர் குரல்தான் ஓங்கி நிற்கும். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபின் உப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு மூடி போட்ட ஒரு கிண்ணம் தனியாகப் போகிறது. அதை வாங்கிக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். நாலு வாய், அதோடு சரி. இடுப்பு வாரில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. டாக்டர் அவளிடம் உப்பைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். இவர் வயிறாரச் சாப்பிடாவிட்டால் மறுபடியும் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்றுதான் போன தடவை சொன்னார்.

கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"போர்மேனும் வர்றானா?" என்று கேட்டார். இப்போதைய போர்மேன் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர்.

"வர்றாரு மாமா. நீங்களும் வந்து உட்காரணும்."

"நான் தூங்கறேன்னு சொல்லிடும்மா. எல்லாரும் தட்டுல சாப்பிடறப்போ எனக்கு மட்டும் கிண்ணம் வந்தா, அத்தனை பேரு கண்ணும் கிண்ணத்து மேலதான் இருக்கும். பாவம்னு பார்ப்பானுங்க. அது எனக்கு வேணாம்."

அவள் போய்ப் பரணிலிருந்து பெரிய பானையை இறக்கினாள்.

கோழியும் கிழங்கும் காரட்டும் சேர்ந்த ஒரு பானை, சோறு ஒரு பானை. வேறு ஒன்றும் கிடையாது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டாள். இருக்கிற நேரத்தில் நாலு வகைக்கு ஆசைப்பட்டால் நாலும் அரைகுறையாகும். வெங்காயத்தை மட்டும் அவசரப்படுத்தாமல் நிறம் மாறும்வரை வதக்கினாள். கணவன் பக்கத்து வீடுகளில் நாற்காலி இரவல் வாங்கப் போயிருந்தான். இஸ்திரி மேசையைச் சாப்பாட்டு மேசையோடு சேர்த்துப் போட்டார்கள். உயரம் ஒத்துப்போகாமல் நடுவில் படி விழுந்தது. ஒரு போர்வையை விரித்து மறைத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரிய பானையில் உப்பே விழாது. தட்டு வைக்கும்போதுதான் அவரவருக்கு எழுதியபடி சேர்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் அவள் கை உப்பு ஜாடிப் பக்கம் போகாது. வீட்டில் உப்பு கணவனின் இலாகா. மாமனாரின் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து மூடியதும் அவன் ருசி பார்த்து உப்புப் போடுவான்.

கடைசி நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு அவன் வந்தான். ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு பானைக்கு மேலே நீட்டினான்.

"இருங்க, மாமாவுக்கு இன்னும் எடுக்கல" என்று கிண்ணத்தை எடுத்தாள். கரண்டி குழம்புக்குள் இறங்கியது. அங்கேயே நின்றது. ஒரு நிமிஷம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், அதைக் கவிழ்த்து அலமாரியில் வைத்தாள்.

"உப்ப ஜாடியிலயே போட்டுடுங்க."

"விளையாடறியா? கரண்டியக்கா கையால சாப்பிடப் போறோம்னு பசியோட வர்றானுங்க. வாயில வெச்சதும் துப்பினானுங்கன்னா?"

"துப்பினா என்னைத்தானே சொல்வாங்க. சொல்லட்டும்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. பூண்டைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தாள். மிளகை இடித்தாள். எலுமிச்சம்பழங்களை அரிந்தாள். எல்லாவற்றையும் சின்னக் கிண்ணங்களில் போட்டு மேசையில் வைத்தாள். உப்பும் அதில் ஒன்றாக இருந்தது. கணவன் வாங்கிவந்த வெண்ணெய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்துவிட்டு, உப்புச் சேர்த்தது என்று மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளினாள். அதோடு வந்த ரொட்டியிலும் உப்பு இருக்கும் என்று அதையும் தள்ளினாள்.

பிறகு பின்னறைக்குப் போனாள். "மாமா, பானையில உப்புப் போடல. போடறதாவும் இல்ல."

"விருந்தாளிங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான். அத எப்படிச் சாப்பிடறதுன்னு யாராவது சொல்லிக் குடுக்கணும். என்னால அடுப்ப விட்டு வர முடியாது."

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கதவை மட்டும் சாத்தவில்லை.

வந்தவர்களுக்கு வீடு போதவில்லை. குழந்தைகள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவர் தூங்குகிறார் என்று கணவன் சொல்லிவைத்தான். முதல் தட்டு போர்மேனுக்கு. ஒரு வாய் வைத்தார். மென்றார். அறை முழுவதையும் ஒருமுறை பார்த்தார்.

"தங்கச்சி, இது எங்களுக்குச் சமைச்சதா, வார்டுக்குச் சமைச்சதா?"

சிரிப்பு வெடித்தது. கணவனின் முகம் சுண்டிப்போனது. அவள் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு பானையைப் பார்த்தாள். போர்மேன் உப்புக் கிண்ணத்தை இழுத்தார்.

"நேரா உப்புக்குப் போறான் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எலுமிச்சம்பழத்தப் பிழிடா மொதல்ல. போல்ட்டு எப்படி இருக்குன்னு பார்க்காமலே சுத்தியலத் தூக்கறவன்தானே நீ."

பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நிலைவாசலில் நின்றார். போர்மேன் எழுந்துவிட்டார்.

"அண்ணே, தூங்கறீங்கன்னு சொன்னானே?"

"நீ பேசற சத்தத்துல எவன் தூங்குவான்? தள்ளி உட்காரு. பிழிஞ்சியா? இப்ப மிளகு. கொட்டாத, தூவு. பூண்ட எண்ணெயோட போடு. உடனே வாயில வைக்காத, கொஞ்சம் ஊறட்டும். எல்லாத்துலயும் அவசரம் உனக்கு."

போர்மேன் சொன்னபடி செய்து, இன்னொரு வாய் வைத்தார். எல்லோரும் அவர் தாடையையே பார்த்தார்கள்.

"இப்ப பரவால்ல" என்றார். "நல்லாவே இருக்கு. ஆனாலும் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்கறேண்ணே."

"போட்டுக்கோ. உன் நெஞ்சு, உன் இஷ்டம்."

அதற்குள் மேசையின் மறுபக்கத்திலிருந்து பூண்டுக் கிண்ணம் கேட்டார்கள். யாரோ எலுமிச்சம்பழ விதையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். பெரியவர் போர்மேன் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, அவருடைய பழைய தப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தார். போர்மேன் பாதியை மறுத்தார்.

"ஏம்மா, எனக்கு இல்லையா?"

அடுக்கிலிருந்து மேல் தட்டை எடுத்தாள். எல்லோருக்கும் வைத்த அதே தட்டு. சோறு வைத்து, பானைக்குள் கரண்டியை விட்டாள்.

"கோழிக்கால் இருந்தா அத வை. இந்தப் பய எடுத்துக்கறதுக்கு முன்னாடி."

அடியில் தேடினாள். ஒன்று இருந்தது. அதை வைத்து, குழம்பை மேலே ஊற்றி, பெரியவர் நீட்டிய கைகளில் தட்டைக் கொடுத்தாள்.