ஷவர் வேண்டாம் என்று நான் சொன்ன வீடு

குளியலறைச் சாமான் கடையில் நின்றால், என்ன வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எதற்கு வேண்டும் என்று பாதிப் பேர் சொல்லமாட்டார்கள். உங்களில் யாராவது கடையில் நின்று பிழைத்தவராக இருந்தால் என் பாடு புரியும். போடியில் நான் ஷவர் விற்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது.

மழை

சேர்ந்த புதிதில், சாப்பாட்டுத் தட்டு அகல ஷவரைத்தான் எல்லாருக்கும் காட்டுவேன். மழையில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று மெல்லச் சொன்னால் போதும், வாங்கிவிடுவார்கள். சிலமலையில் புது வீடு கட்டிய சம்சாரி ஒருவரும் வாங்கினார். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி குளியலறைக் கூரைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு கிட்டத்திலிருந்து இறங்குகிற தண்ணீருக்கு வேகம் எங்கிருந்து வரும்? மறுவாரம் வந்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"மழைன்னு சொன்னியேப்பா, எங்க பழைய ஓட்டு வீடு இதைவிட நல்லா ஒழுகும்."

மலைத் தண்ணி

அடுத்து வந்தவர் போடிமெட்டுச் சரிவில் வீடு இருக்கிற ஜீப் டிரைவர். புத்திசாலித்தனமாகச் சின்ன பிளாஸ்டிக் ஷவராகக் கொடுத்தனுப்பினேன். அங்கே தொட்டியே கிடையாது. மேலே ஓடையிலிருந்து ஓஸ் போட்டு நேரே வீட்டுக்குள் இறக்கியிருக்கிறார்கள். குழாயைத் திறந்ததும் ஷவர் கழன்று தெறித்துவிட்டது. நெற்றிப் புடைப்பைக் காட்டிச் சொன்னார்:

"குளிக்கத்தான் போனேன் மாப்ளே, அடி வாங்கிட்டு வந்திருக்கேன்."

நல்ல யோசனை

அதற்கப்புறம் தொட்டி உயரம் கேட்காமல் யாருக்கும் ஷவரை எடுத்துக் காட்டுவதில்லை. விவரமானவன் என்று கடையில் பெயரும் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெரு பேச்சியக்கா வந்தார். முன்பு ஏலத்தோட்டத்துக்குப் போனவர். இப்போது ஊரிலேயே ஏலக்காய் தரம் பிரிக்கிறார்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் தம்பி. அதுக்குள்ள ஒரு ஷவர மாட்டிரணும்" என்றார்.

சம்பந்தி வீட்டார் வருவார்கள், அவர்கள் பார்த்து மெச்ச வேண்டும் என்று அக்கா ஆசைப்படுகிறார் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். தொட்டி எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கூரைக்கு மேலே ஒரு முழம்தான் என்றார்.

"அப்ப வேணாம்க்கா. சொட்டுச் சொட்டாத்தான் விழும். பக்கெட்டும் கப்பும் போதும்."

ஒரு சாமானை விற்காமல் அனுப்பியதில் எனக்கு உள்ளூரப் பெருமை. கடைச் சுவரில் மாட்டியிருந்த ஷவர்களை அக்கா இன்னொரு தரம் பார்த்தார்.

"விவரம் தெரிஞ்ச பிள்ளை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இன்னொரு கை

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பேச்சியக்காவின் மகள், புகுந்த ஊரான கம்பத்திலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தவள், ஒரு குழாய் வாங்கக் கடைக்கு வந்தாள். பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கு ஷவர் வேணாம்னுட்டீகளாமே அண்ணே? தோட்டத்துல சரிஞ்சு விழுந்ததுல இருந்து அதுக்கு வலது கை தோளுக்கு மேல ஏறாது. ஒரு கையால தண்ணி ஊத்துனா, தலை தேய்க்க இன்னொரு கை வேணும்ல? இத்தன நாளா நாந்தான் ஊத்திவிட்டேன்."

தொட்டி தாழ்ந்திருந்தால் என்ன, ஷவரையும் தாழ்த்தி மாட்டலாமே. கையில் பிடிக்கிற சின்ன ஷவரைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே கொக்கியில் தொங்கவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து குளித்தால் தண்ணீர் நன்றாகவே விழும். அன்றைக்கே எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

மறுநாள் காலையில் அப்படி ஒன்றை நானே எடுத்துப்போனேன். கதவைத் திறந்த பேச்சியக்காவின் தலையில் சடை இல்லை. முழங்கால் வரை தொங்கிய முடியை ஒட்ட வெட்டியிருந்தார். மாட்டி முடித்துக் குழாயைத் திறந்தேன். இடது கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்.

"நல்லாத்தான் விழுது. அன்னைக்கு எதுக்குன்னு நீ கேக்கல, எனக்கும் சொல்லக் கூச்சம். முடியப் பத்தி யாரும் கேட்டா வேண்டுதல்னுதான் சொல்றேன் தம்பி, நீயும் அப்படியே சொல்லிரு."

இப்போதெல்லாம் தொட்டி எவ்வளவு உயரம் என்பதற்கு முன்னால் கை எவ்வளவு உயரம் போகும் என்று கேட்கிறேன். பாதிப் பேர் நான் தைலம் விற்கிறேன் என்று நினைத்து இறங்கிப் போய்விடுகிறார்கள்.