ஆவண அறையில் வாசித்த கடிதம்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு நோர்வே மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும், பிரித்தவுடனேயே அம்மாவுக்குத் தமிழில் உரக்கச் சொல்லிவிடுவேன். “என்ரை பிள்ளை வாசிக்கேக்கை ஒருக்காலும் தடக்குப்பட மாட்டாள்” என்று அம்மா எல்லோரிடமும் சொல்லுவா.

ஒஸ்லோவில் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு முதியவர் வந்தார். நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் முன்பு, மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையினரோடு சேர நோர்வேயிலிருந்து கப்பலேறி, பிறகு அமெரிக்காவுக்குள் கைவண்டி இழுத்து நடந்துபோன அவருடைய பூட்டி, அதாவது பாட்டியின் தாய், ஊருக்கு நோர்வே மொழியில் எழுதிய கடிதம் எங்களிடம் இருந்தது.

“வழியில் இறந்த அவளுடைய மூத்த பிள்ளையை எங்கே புதைத்தார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே வைக்க ஒரு கல் செய்து வைத்திருக்கிறேன்” என்றார்.

நான் முதலில் தனியாக வாசித்துப் பார்க்கவில்லை. வரிவரியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனேன். “நிலம் உறைந்திருந்தது. குழி தோண்ட முடியவில்லை. பிள்ளையைப் பனியால் மூடிவிட்டு நடந்தோம். பின்னால் ஓநாய்கள் ஊளையிட்டன.”

அதன் பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

“ஓநாய்கள் என்றா எழுதியிருக்கிறாள்? வேறு எதுவுமாக இருக்காதா?” என்று கேட்டார்.

என் நோர்வே மொழியில் இதுவரை யாரும் பிழை பிடித்ததில்லை. அன்று ஒரு பிழையாவது இருக்கக்கூடாதா என்று அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.