அன்னத்தின் கை சிவந்த இருபது நாள்

எங்கள் வீட்டில் ஒரு மனுஷி இருபது நாள் வேலை செய்யாமல் இருந்தாள் என்று சொன்னால், அந்தக் காலத்தில் பவானிப்பூரில் எங்களைத் தெரிந்த ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள். நானே நம்பவில்லை. ஆனாலும் நடந்தது. எழுபத்திரண்டாம் வருஷம், நல்ல மழைக்காலம். அந்த மனுஷி என் பெண்டாட்டி அன்னம்.

அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் இட்லிக்கடை. கடை அங்கே, மாவு இங்கே. வீட்டு முற்றத்துத் தாழ்வாரத்து ஆட்டுக்கல்லில் தினமும் மத்தியானம் அம்மா மாவாட்டுவாள். விடிகாலையில் அப்பாவும், தலையெடுத்த பிறகு நானும், மாவுத் தூக்குகளோடு முதல் டிராமில் ஏறுவோம். இருபத்தாறு வருஷமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. எனக்குப் பெண் பார்க்க ஊர்ப்பக்கம் முக்கூடலுக்குப் போனபோது அம்மா பெண்ணின் முகத்தைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, கையைத்தான் பார்த்தாள். "உரமான கைதான்" என்றாள். சம்பந்தம் முடிந்துவிட்டது.

உரம் சும்மா வரவில்லை. தாய் தகப்பன் இல்லாத அன்னம் ஒன்பது வயதிலிருந்து மாமா வீட்டில் பீடி சுற்றியவள். ஒரு நாளைக்கு ஆயிரம். கல்யாணத்துக்கு முதல் நாள்கூட ஆயிரத்தையும் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் குளிக்கப் போனாளாம். மருதாணி வைத்தால் ஒரு பொழுது கையைச் சும்மா வைத்திருக்க வேண்டுமே, அந்தப் புண்ணியவான்களுக்கு அது பொறுக்குமா? வெறுங்கையோடு தாலி வாங்கிக்கொண்டு ஹவுராவில் வந்து இறங்கினாள்.

அந்த வெறுங்கையைப் பார்த்து அலறியது மாடியில் குடியிருந்த மார்வாடி அம்மாள். தெருவுக்கே அவள் அண்ணி. அவர்கள் பாஷையில் பாபி. "புது மருமகள் கை இப்படியா இருக்கும்!" என்று அன்னத்தை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் இறங்கி வந்தபோது விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு தாண்டிக் கொடியும் பூவும், உள்ளங்கைக்கு ஒரு மயிலும் இருந்தன. பின்னாலேயே பாபியும் வந்து, நான்கு குடித்தனமும் கேட்கும்படி படிக்கட்டில் நின்று தங்கள் வழக்கத்தைச் சொன்னாள். மருமகளின் மருதாணி அழியும்வரை மாமியார் அவளை ஒரு வேலையும் ஏவமாட்டாளாம்.

அம்மா விட்டுக்கொடுக்கிற ஆளா? எங்கள் மருமகளும் அதுவரை ஒரு துரும்பைத் தொடமாட்டாள் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அடித்துச் சொல்லிவிட்டாள். உள்ளே வந்து என்னிடம், "நாலு நாள்ல போயிரும்லா, பாத்துக்கிடலாம்" என்றாள்.

போகவில்லை. அங்கேதான் அம்மா ஏமாந்தாள்.

பாபி சொல்லிக் கொடுத்ததை அன்னம் ஒன்றுவிடாமல் செய்தாள். காயக் காய, எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றினாள். தோசைக்கல்லில் கிராம்பைப் புகையவிட்டு அதன்மேல் கைகளைக் காட்டினாள். காய்ந்ததைக் கழுவாமல் சுரண்டி உதிர்த்து, மறுநாள் வரை தண்ணீரே படவிடவில்லை. ஆரஞ்சாக இருந்தது இரண்டு நாளில் நல்ல கருஞ்சிவப்பாக ஏறியது. அப்புறம் குளிக்கும் முன் கடுகெண்ணெய். சோப்பு கிடையாது, புளி கிடையாது, சாம்பல் கிடையாது. சாப்பிடக்கூட ஸ்பூன். எங்கள் வீட்டில் ஸ்பூன்! அதுவும் மாடியிலிருந்து இரவல் வந்ததுதான்.

நான் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடையை அப்பாவிடம் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். மழை நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்கும். தூரத்தில் டிராம் மணி ஒருதரம் அடித்து ஓயும். அன்னம் ஜன்னலோரம் பாயில் இரண்டு கையையும் மலர்த்திப் போட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடப்பாள். அறை முழுக்கக் கிராம்பும் கடுகெண்ணெயும் பச்சிலையும் கலந்த வாசனை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த மயிலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இட்லி, சட்னி, கப்பல், கணக்கு எல்லாம் எங்கேயோ போய்விடும்.

"தூங்குதியா?"

"தெரியல. கண்ண மூடினா இந்தக் கொடியெல்லாம் வளந்து ஜன்னலுக்கு வெளிய போவுது. நானும் பின்னாலயே போறேன்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா போறேன். சும்மா இருக்கது இவ்வளவு நல்லா இருக்கும்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே." பிறகு கண்ணைத் திறந்து கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது போச்சுன்னா கல்லுகிட்டப் போகணும்லா? போயிக்கிடுதேன். ஒருநாள் கூட நின்னா ஒருநாள் லாபம்."

தாலி கட்டினது முந்தியே நடந்துவிட்டது. அவள்மேல் ஆசை வந்தது அந்த ஜன்னலோரத்தில்தான்.

அம்மா பாடுதான் திண்டாட்டம். தினம் காலையில் "கையக் காட்டுட்டி" என்பாள். பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கெடக்கே" என்று பெருமூச்சு விடுவாள். சொன்ன சொல்லை மாற்ற முடியாது. இப்படி ஒரு மாமியார் உண்டா என்று பாபி வேறு தெருவெல்லாம் மெச்சிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கோ எரிச்சல். "ஏல, அது மருதாணியா பெயிண்டா?" என்று டிராமில் என்னைப் பிடித்து உலுக்குவார்.

பத்தொன்பதாம் நாள் மயிலின் வாலைக் காணோம். அன்னம் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அழுதாள். "நாளையோ மறுநாளோ அத்த பாத்துட்டா முடிஞ்சுது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள், கடைக்குத் தேங்காய் போடுகிற வேலாயுதத்தின் பெஹாலா வீட்டுக்குப் போனேன். அவர் வேலியெல்லாம் மருதாணி. ஒரு பை நிறைய உருவிக்கொண்டு வந்தேன். அம்மா அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போயிருந்தாள். நானே அம்மியில் உட்கார்ந்து அரைத்தேன். கடையில் ஊருக்கெல்லாம் சட்னி அரைக்கிற எனக்கு வீட்டு அம்மி எந்த மூலையில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, வெட்கக்கேடு! பழைய கோட்டின்மேலேயே புதுக்கோடு போட்டுவிட்டால் அம்மாவுக்குத் தெரியாது என்பது எங்கள் திட்டம். எங்கள் மூளை அவ்வளவுதான்.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மா. கிண்ணத்தைப் பார்த்தாள், சிவந்துபோன என் விரல்களைப் பார்த்தாள், அன்னத்தின் நீட்டிய கையைப் பார்த்தாள். அன்னம் பதறி எழுந்தாள்.

"தப்பு எம்மேலதான் அத்த. இந்தா, நான் இப்பவே ஆட்டுதேன்."

அம்மா உள்ளே வந்தாள். வெற்றிலையை ஓரமாக வைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். பிறகு கையையும் நீட்டினாள். அந்தக் கையை நான் அதற்கு முன் சரியாகப் பார்த்ததே இல்லை. உள்ளங்கை வெளுத்து, கல் பிடித்த இடம் காய்த்து, விரலிடுக்கெல்லாம் ஈரத்தில் வெந்து புண்ணாகிக் கிடந்தது.

"எனக்கும் வையிட்டி" என்றாள்.

நாங்கள் விழித்தோம்.

"என்ன பாக்கிய? எனக்கும் கல்யாணத்துக்கு வச்சாவ. ரயில்ல வந்து எறங்குன அன்னைக்கே இவன் அப்பா உளுந்த எடுத்து முன்னால வச்சாரு. செவந்துச்சா இல்லையான்னுகூட நான் பாக்கல." குரலில் கோபம்தான் இருந்தது. கண்ணில்தான் தண்ணீர்.

அன்னம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மயில் போடவா அத்த?"

"மயிலெல்லாம் எனக்கெதுக்குட்டி?" தன் கையைக் குனிந்து பார்த்துவிட்டு, "சரி, சின்னதா ஒண்ணு வையி."

அம்மாவுக்கு முடித்ததும் அன்னத்தின் கைக்கு நான் வைத்தேன். மயில் கோழியாகிவிட்டது, அவள் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். மழை பிடித்துக்கொண்டது. நான்கு கைகளையும் விரித்துப்போட்டு இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கண் மெல்லச் சொருகியது.

அப்பா வந்தபோது ஊறிய அரிசி அப்படியே இருந்தது. "மாவு?" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் சத்தம் போட வாயைத் திறப்பதற்குள் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லடியில் உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே அவரும் சட்டையைக் கழற்றினார். நான் சுற்ற, அவர் மாவைத் தள்ளிவிட்டார். பிறகு அவர் சுற்றினார். அரைமணியில் அவருக்குத் தோள் விட்டுப்போயிற்று. மூச்சிரைக்கக் கல்லைப் பார்த்தார். ஊறிக் கிடந்ததில் கால்வாசிகூட ஆகவில்லை. "ஏல, இதையா இவ தெனமும்..." என்று தோளைத் தேய்த்துக்கொண்டார்.

தண்ணீர் குடிக்க உள்ளே போனோம். அம்மா சுவரில் சாய்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் இரண்டு கையும் மலர்ந்து கிடந்தன. அம்மா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

"ராத்திரிக்கு என்ன சமையல்னு அம்மாவ எழுப்பிக் கேக்கட்டுமா?" என்றேன்.

அப்பா வாசலிலேயே நின்று அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பாதல. காயட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கல்லடிக்குத் திரும்பிப் போனார்.