தங்கை கையெழுத்துப் போட்ட நாள்

எழுபதுகளின் கடைசியில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு பொம்மைக் கடையில் சிறுவர் மன்றம் தொடங்கினார்கள். உறுப்பினர் படிவத்தை, எங்கள் பேச்சில் பாரத்தை, நிரப்பிக் கொடுத்தால் பென்சில் பெட்டி இலவசம். எனக்கு இரண்டு பெட்டி வேண்டியிருந்தது. அதனால் இன்னொரு பாரத்தில் ஒரு தங்கையை உண்டாக்கினேன். எட்டு வயது, சரியாகச் சாப்பிட மாட்டாள், கணக்கு வராது. பாரம் கேட்டதற்கெல்லாம் தாராளமாக எழுதினேன். அப்பா பெயரும் முகவரியும் மட்டும் நிஜம்.

அடுத்த மாதமே டானிக் விற்பவர் கதவைத் தட்டினார்.

"சின்னப் பொண்ணு சாப்பிட மாட்டேங்குதாமே, மேடம்?"

"எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார் அம்மா.

அவர் கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். தகப்பனார் பெயர் சரியாக இருந்தது. மறுவாரம் கணக்கு டியூஷன்காரரும் அதே பிள்ளையைக் கேட்டு வந்தார்.

அன்று அப்பா வேலையிலிருந்து வந்ததும் அம்மா கேட்டார்.

"அவ எங்க இருக்கா?"

"யாரு?"

"எட்டு வயசுப் பொண்ணு. கணக்கு வராதாம். உங்கள மாதிரியே."

அப்பா மாதா படத்தின் முன் நின்று சத்தியம் செய்தார். பலனில்லை. மூன்று நாள் அவருக்கு வெறும் ரொட்டிதான். நான்காம் நாள் தாங்க முடியாமல் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார். "பிள்ளைங்க விவரத்த விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா?"

"அப்படி ஒன்னும் இல்ல லா" என்ற அதிகாரி என்னைப் பார்த்தார். "ஆனா பாரத்துல பொய் எழுதுனது தப்பு."

அங்கிருந்து பொம்மைக் கடைக்குப் போனோம். கடை மேலாளரோ பட்டியலை ஏற்கெனவே பல பேருக்கு விற்றுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். "அடுத்த லிஸ்ட்ல பேர எடுத்துடலாம். ஆனா அந்தப் பிள்ளையே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அதோட சொந்த விவரமாச்சே, மத்தவங்க சொல்லி எப்படி எடுக்கிறது?"

"அப்படி ஒரு பிள்ளையே இல்லைங்க!"

"இல்லாத பிள்ளைய எடுக்க எங்ககிட்ட பாரம் இல்ல."

சனிக்கிழமை அம்மா எனக்கு ரெட்டைச் சடை போட்டு, பழைய சின்னக் கவுனை மாட்டி, தானே அழைத்துப் போனார். நான் முழங்காலை மடக்கிக் குள்ளமாக நின்று, கோணல் எழுத்தில் தங்கையின் பெயரைப் போட்டேன்.

"அச்சு அசல் அக்காதான்" என்றார் மேலாளர். "இப்ப நல்லாச் சாப்பிடுறியா?"

தலையாட்டினேன்.

"சாப்பிடுறா" என்றார் அம்மா, நிஜமான கவலையோடு. "கணக்குதான் இன்னும் வரல."

அதன்பிறகு தங்கையைத் தேடி யாரும் வரவில்லை. பட்டியலில் அப்படியே இருந்த என்னைத் தேடித்தான், நான் கல்யாணமாகிப் போகும்வரை வந்துகொண்டிருந்தார்கள்.