வேரை முகர்ந்து பார்த்தவர்

தொண்ணூறுகளில் முடிச்சூரில் நான் வீடு கட்டத் தொடங்கியபோது, வெட்டிய வேப்பமரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்க ஒருவர் சின்ன டிராக்டரில் வந்தார். டிராக்டரின் பின்னால் மண் தோண்டும் இரும்புக் கை, அவர் காதிடுக்கில் பாதி பீடி. வேர் தென்படும்போதெல்லாம் இன்ஜினை நிறுத்தி இறங்குவார். நகத்தால் கீறி முகர்ந்த பிறகுதான் அறுப்பார்.

மதில் வரவேண்டிய இடத்தில் ஒரு வேரை முகர்ந்ததும் எழுந்துவிட்டார்.

"இது வேப்ப வேரு இல்ல சார். பக்கத்து பிளாட்டு மாமரத்துது."

"மதிலுக்கு இடிக்குதே, வெட்டிடுங்க."

"அது இன்னா சார் பண்ணுச்சு? பிஞ்சு வுட்டுகினு கீது."

அந்த வேரைச் சுற்றிக் கடப்பாரையால் தோண்டியே கட்டையை எடுத்தார். நானும் வேருக்கு ஓட்டை விட்டு மதில் கட்டினேன்.

மறு வருடமே பக்கத்து பிளாட்காரர் மாமரத்தை வெட்டிவிட்டார். ஓட்டையை நான் இன்னும் அடைக்கவில்லை.